கடலூர் ஓ.டி.

"ஓ.டி., ஓ.டி." என்று கத்துகிறார்
மஞ்சக்குப்பத்தில் நடத்துநர்.
துறைமுகம் பக்கம் போகிறவர்கள் ஏறுகிறார்கள்.
பழைய பட்டினம் அவருக்கு அது.
எனக்கு அதே இரண்டெழுத்து
பச்சைத் துணியும் எலும்பில் இறங்கும் ஏ.சி.யும்.

அந்த ஓ.டி.யிலிருந்து இந்த ஓ.டி.க்கு வந்தவள் சத்தியகலா.
சோனாங்குப்பம். இருபத்து நாலு வயது.
குழந்தை குறுக்கே கிடக்கிறது.
முதுகை வளைக்கச் சொன்னேன்.
"எறா மாதிரியா?"
இறால் மாதிரிதான்.
முதுகெலும்புக்கு நடுவிலிருந்து
தெளிந்த நீர் ஒரு சொட்டு எட்டிப் பார்த்தது,
மருந்தைச் செலுத்தினேன்.
கால் சூடாவுது என்றாள். கொஞ்சம் பொறுத்து,
"கால் எங்க?"

மல்லாந்தால் பிள்ளையின் பாரம்
பெரிய சிரையின் மேல் உட்கார்ந்துவிடும்.
மேலே திரும்பவேண்டிய ரத்தம்
கீழேயே தங்கிவிடும்.
வலது இடுப்புக்கு அடியில் மடித்த போர்வை வைத்து
மேசையை இடப்பக்கம் சாய்த்தோம்.
"வுழுந்துடுவனா?"
"பிடிச்சிருக்கேன்."
"போட்டுல வல ஒரு பக்கமாப் போனா இப்படித்தான் சாயும்."
"இங்க நாங்களே சாய்க்கிறோம்."

நூற்றுப் பதினெட்டு.
நூற்று நாலு.
நிமிடத்துக்கு ஒரு தரம் பட்டை அவள் புஜத்தை நெரிக்கிறது.
நான் எண்ணைப் பார்க்கவில்லை, உதட்டைப் பார்க்கிறேன்.
"வயித்தப் பொரட்டுனா சொல்லு,
கொட்டாவி வந்தாலும் சொல்லு.
பிரஷர் எறங்குதுன்னு அர்த்தம்."
சொல்லவில்லை, விட்டாள்.
வாய் கொள்ளாத ஒரு கொட்டாவி.

இயந்திரம் இன்னும் காற்றை ஊதிக்கொண்டிருந்தது.
அதற்குள் என் கட்டைவிரல் சிரிஞ்சில்.
ஃபினைலெஃப்ரின், ஒரு மில்லி.
எண்பத்து நாலுக்கு நாற்பது என்றது திரை,
ஊரே அறிந்த சேதியைக்
கடைசியில் வந்து சொல்கிறவனைப் போல.

ஹம்சவேணி மேடம் கத்தியோடு நிற்கிறார்.
"ஆரம்பிக்கவா?"
"ஒரு நிமிஷம்."
நான் படித்ததெல்லாம் இந்த ஒரு நிமிஷத்துக்குத்தான்.
இவள் இறங்கினால்
கொடியின் மறுமுனையில்
மூச்சே விட்டறியாத ஒன்றுக்கு
மூச்சு முட்டும்.

அழுத்தம் ஏறியது. நாடி இறங்கியது.
தொண்ணூற்று ஆறு, எழுபது, ஐம்பத்து இரண்டு.
இந்த மருந்தின் குணம் அது,
குழாயை இறுக்கிவிட்டு பம்பை அமர்த்தும்.
கால்பக்கத்தில் யாரோ நைட் டூட்டி மாற்றுவது பற்றிப்
பேசிக்கொண்டிருந்தார்கள்.
"மெஃபென்டர்மின் ஆறு" என்று
நான் வாய் திறக்கும்போதே
என் உள்ளங்கையில் வைத்திருந்தார் குலோத்துங்கன்,
பதினோரு வருட டெக்னீஷியன்,
மறு கையால் சலைன் பையைப் பிழிந்தபடி.

ஐம்பத்தெட்டு.
கேட்டுக்கொண்டிருந்தேன், பீப்புக்கும் பீப்புக்கும் நடுவே.
எழுபத்து நாலு.
நூற்றுப் பத்து.
"அக்கா, இப்பதான் கண்ணு வெளிச்சமா இருக்கு."
"மேடம், போடலாம்."

யாரோ தன் வயிற்றுக்குள் அரிசி அளைவது போலிருக்கிறது என்றாள்.
பெண். இரண்டே முக்கால் கிலோ.
வந்ததும் அழவில்லை,
எங்களை ஒரு சுற்று முறைத்துவிட்டு அழுதது.
ஆக்சிடோசினை மெல்ல மெல்ல விட்டேன்,
அவசரப்பட்டால் அதுவும் இறக்கிவிடும்.

தாளில் நடந்ததெல்லாம்
ஒன்பது நாற்பத்து இரண்டில் ஒரு பள்ளம்,
நீல மையில், நகக்கண் அளவு.
நன்றி சொல்ல வந்த புருஷன்
ஹம்சவேணி மேடத்தைக் கும்பிட்டான்.
அவர்தான் கும்பிட வேண்டியவர், அதிலொன்றும் இல்லை.

மறுநாள் இரவு டூட்டி முடிந்து வார்டுக்குப் போனேன்.
கட்டில் ஓரம் நின்ற என்னை
அவளுக்கு அடையாளம் தெரியவில்லை.
என் முகத்தைத் தலைகீழாக மட்டுமே பார்த்தவள்.
தையலில் வலி உண்டா, சிறுநீர் சரியாகப் போகிறதா,
கேட்டு முடிக்கும் முன்
எனக்கு ஒரு கொட்டாவி வந்துவிட்டது.

பிள்ளையை மார்பிலிருந்து எடுக்காமல்
நிமிர்ந்து பார்த்தாள்.
"என்னக்கா, பிரஷர் எறங்குதா?
போய் எடது பக்கமா சாஞ்சு படுங்க."